தட்டினால் விட வேண்டும்

என் மகளுக்கு நானே வீரம் ஊட்டுவது என்று முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது. என் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாமே வாயில் நுரையோடு எடுத்தவைதான். அந்த நேரத்தில்தான் வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இது நடந்து பல வருஷம் ஆகிறது. மகள் அப்போது நாலாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். இப்போது அவள் நிமிர்ந்து நின்றால் என் வழுக்கையை மேலிருந்து பார்க்கிறாள். இருந்தாலும் எனக்கு அவள் வாண்டுதான்.

நான் லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். உடனே, நான் லிஃப்டைப் பழுதுபார்ப்பவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு. என் வேலை ஃபோன். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்துவார்கள். மணி என் மேஜையில் அடிக்கும். ஆள் போய்க் கதவைத் திறக்கும்வரை நான் அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். "பதறாதீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க. ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க." இதை அவசரமே இல்லாமல், அடிவயிற்றிலிருந்து, கனத்த குரலில் சொல்ல வேண்டும். ஆபீசில் நான் இதைச் சொன்னால் அழுகிறவர்கள்கூட அமைதியாகிவிடுவார்கள். வீட்டில் இதே குரலில் பேசினால் ஃபிரிட்ஜ்கூட உறுமுவதை நிறுத்தாது.

மனைவிக்குத் தையல். முன்னறையில் மிஷின் போட்டிருக்கிறாள். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, பேண்ட் நீளம் குறைப்பது என்று எப்போதும் வேலை இருக்கும். அவள் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் வாசலில் வருகிற ஆளைப் பார்த்தாலே இடுப்பளவைச் சொல்லிவிடுவாள். எங்கள் தெருவில் எல்லோரையும் அவள் அளந்து வைத்திருக்கிறாள். முதலில் அளந்தது என்னைத்தான். பெண் பார்க்கப் போன அன்றே அளந்துவிட்டாள் என்பது என் சந்தேகம்.

அந்த வாரம் வாண்டுவின் சட்டையில் காலர் பொத்தான் மறுபடியும் காணாமல் போயிருந்தது.

"எப்படிப் போச்சு?" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"வேன் கதவுல மாட்டிக்கிச்சும்மா."

"போன வாரமும் கதவுதானா?"

"ம்."

"அந்தக் கதவுக்கு விரல் இருக்கா? காலர் இப்படிக் கசங்கியிருக்கு?"

வாண்டு துணிக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பள்ளி வேனில் கடைசி சீட் ஒருவனுடைய சாம்ராஜ்யம். அவளைவிட இரண்டு வகுப்பு பெரியவன். எல்லோரும் அவனை லீடர் என்று கூப்பிட வேண்டுமாம். அவன் தினமும் இவள் காலரைக் கொத்தாகப் பிடித்து, "நான் ஒரு பூச்சின்னு சொல்லு" என்பானாம். சொல்லும்வரை விடமாட்டானாம். இவள் சொல்லிவிடுவாளாம். வேன் முழுக்கச் சிரிக்குமாம்.

எங்களுக்கு உறைத்தது அப்போதுதான். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி பாடுகிற பிள்ளை, சில வாரங்களாகப் பாடவே இல்லை. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. காலையில் தவறாமல் வயிற்றுவலி வேறு. நான் அதற்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நானும் அந்த வயதில் ஒரு நெட்டையனிடம் மாட்டியவன். பள்ளியில் விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கிற அறைக்குள் என்னைத் தள்ளி, வெளியே தாழ் போட்டுவிடுவான். உள்ளே காற்றுப்போன பந்துகள், கிழிந்த வலை, பழைய ரப்பர் வாடை. வெளியே மணி அடிக்கும், எல்லோரும் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்கும், அப்புறம் எதுவுமே கேட்காது. இருட்டில் எனக்கு நானே, 'பதறாதே, மூச்சு விடு, யாராவது வருவாங்க' என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பின்னாளில் அதற்குச் சம்பளம் தருவார்கள் என்று அப்போது தெரியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும் சொன்னதில்லை.

ஆகவேதான் அந்த ஞாயிற்றுக்கிழமை, நுரையைத் துப்பிவிட்டு, ஹாலுக்கு வந்து அறிவித்தேன்.

"வாண்டு! இன்னிக்கு அப்பா உனக்குச் சண்டை சொல்லித்தரப் போறேன்."

மிஷின் சத்தம் நின்றது. "யாரு?" என்றாள் மனைவி.

"நான்தான்."

"சரி." மிஷின் மறுபடி ஓடியது.

முதல் பாடம் முறைப்பது. "என் கண்ணைப் பாத்து முறை" என்றேன். வாண்டு முறைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. இரண்டாவது பாடம் குத்து. "இப்படி முஷ்டியை மடக்கி, தோளிலேருந்து வரணும்" என்று சொல்லி, எதிரே லீடர் நிற்பதாகப் பாவித்து ஒரு குத்து விட்டேன். லீடர் நின்ற இடத்துக்குப் பின்னால் இரும்பு அலமாரி நின்றதை நான் பாவிக்கவில்லை.

மனைவி துணியில் ஐஸ்கட்டியைச் சுற்றி எடுத்து வந்தாள்.

"ஏங்க, அலமாரி உங்களை என்ன பண்ணுச்சு?"

"வழியில நின்னுச்சு."

"பாவம், அதுக்கு வேற இடம் தெரியாது. கையை நீட்டுங்க."

வாண்டு என் வீங்கின விரல்களைப் பார்த்து, "ரொம்ப வலிக்குதாப்பா? நான் வேணா பூச்சின்னே சொல்லிக்கறேன்பா" என்றாள். அந்த வார்த்தைக்கு ஐஸ் கிடையாது.

அன்று சாயங்காலமே லீடரின் வீட்டுக்குக் கிளம்பினேன். அவன் அப்பாவிடம் நேருக்கு நேர் கேட்டுவிடுவது. "நான் யார்னு காட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். வழியெல்லாம் வசனம் ஒத்திகை. மணியை அடித்தேன். கதவு திறந்தது. கதவு இருந்த இடத்தில் இப்போது லீடரின் அப்பா இருந்தார். அகலத்தில் அதிக வித்தியாசம் இல்லை.

"வாங்க வாங்க, நல்ல நேரத்துல வந்தீங்க. அந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடிங்க" என்றார்.

எந்த ஓரம் என்று பார்த்தேன். வாசலில் புது சோபா ஒன்று நின்றது. மாடிக்குப் போக வேண்டும். நான் யார் என்று அவர் கேட்கவில்லை. சோபாக் கடைக்காரன் என்று நினைத்தாரோ என்னவோ. என் வாய் வசனத்தைத் தொடங்குவதற்குள் என் கை ஓரத்தைப் பிடித்துவிட்டது. பாதி மாடியில் மூச்சுத் திணறியபோது, மேலே ஒரு பையன் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பாக்காரர் கத்தினார்: "டேய் பூச்சி! கதவை நல்லாப் பிடிடா! உனக்கு ஒரு வேலை உருப்படியாச் செய்யத் தெரியுதா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். கால் கட்டைவிரலால் தரையைச் சுரண்டினான். நான் சோபாவை வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

"காட்டினீங்களா?" என்றாள் மனைவி.

"காட்டினேன்."

"முதுகைப் பிடிச்சுக்கிட்டு வரீங்களே?"

"சோபா கொஞ்சம் கனம்."

அவள் தைலம் எடுக்கப் போனாள். மிஷின் மேல் கெட்டித் துணியில் வெள்ளைச் சட்டைகள் சின்னச் சின்னதாகக் கிடந்தன. பொத்தானே இல்லாத சட்டைகள்.

"இது என்ன, சமையல்காரங்களுக்கா?"

"டயர் கடை மாடியில ஒரு மாஸ்டர் பசங்களுக்கு ஜியு-ஜிட்சு சொல்லித்தராங்களாம். அவங்க குடுத்த ஆர்டர்."

"பேரே தும்மல் மாதிரி இருக்கே. அடிதடியா?"

"அடியும் இல்லையாம், உதையும் இல்லையாம். பெரிய ஆள் பிடிச்சா சின்ன ஆள் எப்படி விடுவிச்சுக்கிறதுன்னு சொல்லித்தருவாங்களாம். அது என்னத்துக்கு நமக்கு? நம்ம பிள்ளைக்கெல்லாம் சரிப்படாது."

"ஏன் சரிப்படாது?"

"சனிக்கிழமை காலையில வகுப்பு. நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். உங்களுக்கு அது தூங்குற நேரமாச்சே. வேண்டாங்க, விடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "பெத்த பிள்ளையைவிட எனக்குத் தூக்கம் பெரிசா?"

"அப்படிச் சொல்லலீங்க. உங்களால முடியாதுன்னுதான் சொன்னேன்."

"முடியாதா? யாரால முடியாது? இந்தச் சனிக்கிழமையே போறோம். இந்த வீட்டுல நான் ஒரு முடிவு எடுத்தா எடுத்ததுதான்!"

"சரி, நீங்க சொன்னா நான் என்ன சொல்லப் போறேன்" என்று பெருமூச்சு விட்டாள். கல்யாணமானதிலிருந்து அவளை நான் வாதத்தில் ஜெயித்தது அதுவே முதல் தடவை. அந்த வெற்றியைச் சனிக்கிழமை வரை அனுபவித்தேன்.

டயர் கடை மாடி இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. ஏறும்போதே புது ரப்பர் வாடை. எனக்கு அந்த வாடை ஆகாது. பள்ளியில் அடைபட்டுக் கிடந்த அந்த அறை ஞாபகம் வந்துவிடும். ஆனால் மேலே போனால் நாலு பக்கமும் ஜன்னல். தரை முழுக்க நீல மெத்தை. வெயில் அதில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. பிள்ளைகள் உருண்டுகொண்டிருந்தார்கள். மாஸ்டர் என்றதும் நான் ஒரு மலையை எதிர்பார்த்தேன். வந்தது கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். டயர் கடைக்காரரின் தங்கை. என் எடையில் பாதிதான் இருப்பாள்.

வாண்டுவை உள்ளே விட்டுவிட்டு மெதுவாகப் படிப்பக்கம் நகர்ந்தேன்.

"சார், எங்க போறீங்க? பிள்ளைங்க ஒத்தைப்படையா இருக்காங்க. உங்க பொண்ணுக்கு ஜோடி இல்லை."

"நான் சும்மா விட வந்தேன்மா."

"சும்மா விடமாட்டோம் சார். இந்தாங்க, மாத்திக்கிட்டு வாங்க."

கையில் ஒரு வெள்ளை உடுப்பைக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தேன். சட்டை கச்சிதம். பேண்டும் கச்சிதம். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. என் கால்கள் சராசரிக்குக் குட்டை. உலகத்தில் எந்தக் கடையில் எந்தப் பேண்டை வாங்கினாலும் மடித்துத் தைக்காமல் எனக்குப் பொருந்தாது. இது மடித்துத் தைத்திருந்தது. அந்தத் தையல் எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அதைத்தான் உடுத்திக்கொண்டிருக்கிறேன்.

'இந்த வீட்டுல நான் ஒரு முடிவு எடுத்தா' என்று நான் கர்ஜித்தபோது, இந்தப் பேண்ட் பக்கத்து அறையில் மடித்து வைக்கப்பட்டிருந்திருக்கிறது.

வகுப்பில் முதலில் சொல்லித்தந்தது விழுவதற்கு. அது எனக்குப் பழக்கம்தான். அடுத்தது, தட்டுவதற்கு. பிடி வலித்தாலோ, பயம் வந்தாலோ, போதும் என்று தோன்றினாலோ எதிராளியின் மேல் உள்ளங்கையால் இரண்டு தடவை தட்ட வேண்டும். தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, இன்னும் கொஞ்சம் என்று இறுக்கக் கூடாது.

"இதை மதிக்காதவங்களுக்கு இந்த மெத்தையில இடமில்லை" என்றாள் மாஸ்டர். வாண்டு கண்ணை அகல விரித்துக் கேட்டாள். "நான் தட்டினா யாரா இருந்தாலும் விடணுமா?" "யாரா இருந்தாலும்." பெரியவர்கள் உலகத்தில் இப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்கும் அன்றுதான் தெரியும்.

பிடியைவிடக் குரல்தான் முதலில் என்றும் மாஸ்டர் சொன்னாள். யாராவது மேல் கைவைத்தால், 'நிறுத்து, எனக்குப் பிடிக்கலை' என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். எதுவும் பலிக்காவிட்டால்தான் பிடி. வாண்டு 'நிறுத்து' என்று சொன்னது மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. அந்த இடத்தில்தான் என் படிப்பு உதவியது. வீட்டுக்குப் போகிற வழியில் என் ஆபீஸ் குரலைச் சொல்லித்தந்தேன். வயிற்றிலிருந்து, அவசரமில்லாமல், கடைசி வார்த்தையைக் கீழே இறக்கி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில், "எனக்குப் பால் வேண்டாம்" என்பதுகூட லிஃப்டிலிருந்து வருகிற அறிவிப்பு மாதிரி வரத் தொடங்கியது.

சில வாரம் கழித்து ஒரு நாள் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டாள். "சார், இன்னிக்கு நீங்கதான் அந்த வேன் பையன். காலரைப் பிடிச்சு, அவன் சொல்றதையே சொல்லுங்க."

நான் வாண்டுவின் காலரைப் பிடித்தேன். பூவைப் பிடிப்பது போலப் பிடித்தேன். வாய் திறக்கவில்லை. எனக்குப் பந்துகள் கிடக்கிற அந்த அறை ஞாபகம் வந்துவிட்டது.

வாண்டு மெதுவாகச் சொன்னாள். "அப்பா, சரியாப் பிடிங்கப்பா. நீங்க இப்படிப் பிடிச்சா நான் எப்படிக் கத்துக்கிறது?"

இறுக்கிப் பிடித்தேன். "பூச்சின்னு சொல்லு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நிறுத்து. எனக்குப் பிடிக்கலை" என்றாள், என் ஆபீஸ் குரலில். நான் நிறுத்தவில்லை. அவள் என் கையை இரண்டு கையாலும் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். ஒரு கால் பின்னே போனது. இடுப்பு திரும்பியது. ஜன்னல் மேலே போனது, கூரை முன்னே வந்தது. நான் மெத்தையில் மல்லாந்து கிடந்தேன். என் நெஞ்சின் மேல் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

நான் இரண்டு தடவை தட்டினேன். உடனே விட்டுவிட்டாள். "அப்பா அழறீங்களா?" என்றாள். வேர்வை என்றேன். அழுகைதான். அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை தோற்றதில்லை.

திங்கட்கிழமை காலை குளியலறையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. சுருதி சுத்தமாக இல்லை. மனைவி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஆபீசுக்குத் தாமதமானது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் வேனில் அது நடந்தது. லீடர் காலரைப் பிடித்திருக்கிறான். இவள் நிறுத்து என்றிருக்கிறாள். அந்தக் குரலுக்கு வேன் டிரைவரே பிரேக் போட்டுவிட்டாராம். அவன் விடவில்லை. இவள் அவன் கையை அணைத்து, திரும்பி, அடுத்த நிமிஷம் லீடர் சீட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தான். பயத்தில் தரையைப் படபடவென்று அடித்திருக்கிறான். அவனுக்குச் சட்டம் தெரியாது, இவளுக்குத் தெரியுமே. உடனே விட்டுவிட்டாள். வேன் முழுக்க, "பூச்சின்னு சொல்லச் சொல்லு! சொல்லச் சொல்லு!" என்று கத்தியிருக்கிறது.

"சொல்லச் சொன்னியா?" என்றேன்.

"இல்லைப்பா. அவன் அழுதான். அதான், 'பதறாதே, மூச்சை நல்லா இழுத்து விடு, ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க'ன்னு சொன்னேன்."

"யாரு வந்துக்கிட்டு இருக்காங்க?"

"தெரியலை. நீங்க அப்படித்தானே சொல்வீங்க?"

அந்தச் சனிக்கிழமை டயர் கடை மாடிக்கு லீடரும் வந்தான். பின்னாலேயே அவன் அப்பாவும் வந்தார். இருவருக்கும் வெள்ளை உடுப்பு, அளவெடுத்துத் தைத்தது. வாண்டுவுக்கு லீடர் ஜோடி. எனக்குச் சோபாக்காரர் ஜோடி. அவர் என் மேல் படுத்த முதல் நாளில், சோபாவே தேவலை என்று நினைத்தேன். தட்டினேன். உடனே விட்டுவிட்டார். "வலிச்சுதா சார்? மன்னிச்சுக்குங்க" என்றார். அந்த மனிதர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவர் மகன் அதற்கு முன் பார்த்ததில்லையாம். வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அதற்கப்புறம் அவர் அவனைப் பூச்சி என்று கூப்பிட்டதை நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியை நிறுத்தி வைத்துக் கேட்டேன். "அவங்க ரெண்டு பேரையும் நீதானே வரவெச்ச?"

"அந்தப் பையனோட அம்மா திரைச்சீலை தைக்கக் குடுத்தாங்க. ஜன்னல் அளவெடுக்கப் போனேன். போன இடத்துல ஆளையும் அளந்துட்டு வந்தேன்."

"சரி, வாண்டுக்கு ஜோடி வேணும்னு என்னை மாட்டிவிட்ட. புரியுது. ஆனா இப்பத்தான் அவளுக்கு அந்தப் பையன் ஜோடி வந்துட்டானே, இன்னும் என்னை எதுக்கு உருட்டணும்?"

அவள் ஊசியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கல்யாணமான நாள்லேருந்து தூக்கத்துல சொல்லிக்கிட்டிருக்கீங்க, 'கதவைத் திறங்கடா, கதவைத் திறங்கடா'ன்னு. பிள்ளைக்கு மட்டும்தான் அந்த வகுப்பு வேணும்னு யாரு சொன்னா?"

மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது வழக்கமாகிவிட்டது. வாக்குவாதத்தில் யார் தட்டினாலும் அதோடு பேச்சு முடிந்தது. பெரும்பாலும் தட்டியவன் நான். சாப்பாட்டு மேஜையில் நான் உட்காருகிற பக்கம் மட்டும் பாலிஷ் போயிருக்கும்.

அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் மனசு கிடந்து தவிக்கிறது. வகுப்பு முடிந்து ஈரத் தலையோடு இருவரும் நடந்து வருவோம். பெல்ட் நுனி அவள் முழங்காலில் அடித்துக்கொண்டே வரும். முனைக் கடையில் ஆளுக்கொரு பன். "இன்னிக்கு உங்களை எத்தனை தடவை தட்டவெச்சேன், சொல்லுங்க பாக்கலாம்" என்பாள். நான் குறைத்துச் சொல்வேன். சண்டை வரும். வாண்டுவின் பெல்ட் வருஷத்துக்கு வருஷம் நிறம் மாறியது. என் பெல்ட் வெள்ளையிலேயே நின்றது. துவைத்துத் துவைத்துப் பழுப்பேறியதுதான் அதன் முன்னேற்றம். என்றைக்கு அவள் என்னைவிட உயரமானாள், என்றைக்குப் பன்னுக்கு அவள் காசு கொடுக்கத் தொடங்கினாள், எதையும் நான் கவனித்து வைக்கவில்லை. பிடித்து நிறுத்திப் பார்த்திருக்கலாம்.

போன மாதம் அவள் வேலைக்கு வேறு ஊர் போனாள். தூரத்து ஊர். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஜியு-ஜிட்சு சொல்லித்தரப் போகிறாளாம். ரயில் நிலையத்துக்கு லீடரும் வந்திருந்தான், இப்போது மீசை வைத்திருக்கிறான், பெட்டியைத் தூக்கி வைத்தான். மனைவி அழவில்லை. பைகளைத் திருப்பித் திருப்பி எண்ணிக்கொண்டிருந்தாள். நான் வாண்டுவைக் கட்டிப்பிடித்தேன். ரயில் ஊதியது. நான் விடவில்லை. மறுபடி ஊதியது.

என் முதுகில் மெதுவாக இரண்டு தட்டு விழுந்தது.

விட்டுவிட்டேன். சட்டம் சட்டம்தானே.

வீட்டுக்கு வந்தால் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. சோபாக்காரருக்கும் முழங்கால் போய்விட்டது, அவர் வகுப்புக்கு வருவதில்லை. பல் துலக்கும்போது நுரையோடு ஒரு முடிவெடுத்தேன். ஹாலுக்கு வந்து அறிவித்தேன்.

"இனிமே எனக்கு டயர் கடை மாடி கிடையாது. சனிக்கிழமை காலையில நான் தூங்கப் போறேன். இது முடிவு."

"சரிங்க" என்றாள் மனைவி.

அவ்வளவு சுலபமாக அவள் சரி என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலை, தூங்குகிறவன் தோளைத் தொட்டாள். "ஏங்க, மாஸ்டரோட ஆர்டர் மூட்டை கனமா இருக்கு. மாடி வரைக்கும் தூக்கிட்டு வந்து குடுத்துட்டு, வந்து படுத்துக்குங்க."

தூக்கினேன். தூக்கக் கலக்கத்தில் அது கனமே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. நான் ஓரத்தைப் பிடிக்கிற ஜாதி. மாடியில் மாஸ்டர் மூட்டையைப் பிரித்தாள். உள்ளே இரண்டே உடுப்பு. ஒன்று என்னுடைய பழையது. இன்னொன்று புதுசு. நான் யாருக்கு என்று கேட்பதற்குள் மனைவி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளை உடுப்பில் திரும்பி வந்தாள். பக்கவாட்டில் நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். கழுத்தில் நாடாவைக் கழற்ற மறந்திருந்தாள்.

"உங்களுக்கு ஜோடி இல்லையாமே" என்றாள்.

மெத்தையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். வெயில் அதே கட்டங்களில் விழுந்திருந்தது. மாஸ்டர் சொன்னபடி அவள் என் காலரை இரண்டு கையாலும் பிடித்தாள். தையல்காரியின் பிடி. துணி அவள் கையை விட்டு நழுவாது. முகத்தை என் தோளில் வைத்துக்கொண்டாள். தோள் நனைந்தது. ரயில் நிலையத்தில் வராதது இப்போது வந்துகொண்டிருந்தது. எனக்கும் வந்தது. பக்கத்துப் பிள்ளைகள் பார்த்தார்கள். எனக்கு மூச்சு முட்டியது. அவள் முதுகில் இரண்டு தடவை தட்டினேன்.

பிடி தளரவில்லை. மறுபடி தட்டினேன். இன்னும் இறுகியது.

"ஏய், தட்டிட்டேன். தட்டினா விடணும்."

"எனக்கு இன்னிக்குத்தானே முதல் நாள்" என்றாள் அவள், என் தோளிலிருந்து தலையை எடுக்காமல். "அந்தப் பாடம் இன்னும் நடத்தலீங்க."